ஈட்டன்–ஹாரோ ஆட்டமும் லார்ட்ஸ் மைதானமும்: மெரில்போன் கிரிக்கெட் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மெரில்போன் கிரிக்கெட் கழகத்தின் ஆட்சிக்குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற கட்டணப் பள்ளிகளான ஈட்டன், ஹாரோ ஆகியவற்றின் ஆண்டுக் கிரிக்கெட் ஆட்டத்தை, லண்டனில் உங்கள் கழகத்துக்குச் சொந்தமான லார்ட்ஸ் மைதானத்திலிருந்து விலக்கப்போவதாக 2022இல் அறிவித்தீர்கள். உறுப்பினர்களின் எதிர்ப்பு வலுத்ததும், குறைந்தது 2027 வரை அது அங்கேயே நடக்கும் என்று மறு ஆண்டே இறங்கிவந்தீர்கள். நீங்கள் முதலில் எடுத்த முடிவே சரியானது என்று கருதுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

அந்த ஆட்டத்தின் மீது எனக்குப் பகை ஏதுமில்லை. 1910ஆம் ஆண்டு ஆட்டத்தைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. முதல் இன்னிங்ஸில் 67 ரன்களுக்குச் சுருண்டு, பாலோ ஆன் பெற்று உடனே மீண்டும் மட்டை பிடித்த ஈட்டன், ஹாரோவுக்கு வைத்த இலக்கு வெறும் 55 ரன்கள். ஈட்டன் அணித்தலைவர் ராபர்ட் பவுலர் (Fowler) 23 ரன்கள் மட்டும் கொடுத்து 8 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஹாரோ 45 ரன்களில் அடங்கிப்போனது. அன்று ஹாரோவின் பதினோராவது ஆட்டக்காரராக இறங்கிய மாணவர் அலெக்சாண்டர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் பீல்டு மார்ஷல்களில் ஒருவரானார். இந்தக் கதையின் சுவை பவுலரின் பந்துவீச்சில் இருக்கிறது. எந்த மைதானத்தில் நடந்திருந்தாலும் அது குறைந்திராது.

மரபு என்பார்கள். கவிஞர் பைரன் ஹாரோவுக்காக மட்டை பிடித்துத் தோற்ற 1805ஆம் ஆண்டு ஆட்டம் இன்றைய லார்ட்ஸில் நடக்கவில்லை. டார்செட் சதுக்கத்தில் இருந்த பழைய மைதானத்தில் நடந்தது. இப்போதைய மைதானம் 1814இல்தான் திறக்கப்பட்டது. மைதானத்தை நிறுவிய தாமஸ் லார்டே அதனை இருமுறை இடம் மாற்றியிருக்க, ஒரு பள்ளி ஆட்டம் இடம் மாறினால் மரபு முறியும் என்பது விந்தையான வாதம்.

உண்மையில் காக்கப்படுவது வேறொன்று என்பது என் ஐயம். பிரிட்டன் இதுவரை கண்ட 58 பிரதமர்களில் 20 பேர் ஈட்டனிலும் 7 பேர் ஹாரோவிலும் பயின்றவர்கள். 1951 முதல் 1964 வரை தொடர்ந்து ஆண்ட நால்வரில் சர்ச்சில் ஹாரோ மாணவர். அவருக்குப் பின் வந்த ஈடன், மேக்மில்லன், டக்ளஸ்-ஹியூம் மூவரும் ஈட்டன் மாணவர்கள். இவர்களுள் டக்ளஸ்-ஹியூம் 1922இல் இதே ஆட்டத்தில் லார்ட்ஸில் ஆடியவர், முதல்தரக் கிரிக்கெட் ஆடிய ஒரே பிரிட்டிஷ் பிரதமரும் அவரே. இரு பள்ளிகளின் போட்டி என்று நாம் சொல்வது, அரசியலில் பார்த்தால், ஒரே வீட்டுப் பங்காளிகளின் போட்டியாகவே இருந்திருக்கிறது. கட்டணப் பள்ளிகளில் படிப்போர் நாட்டு மாணவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர்தாம். மற்றவர்களுக்கு அந்த வீட்டில் திண்ணைகூட இல்லை.

கிரிக்கெட்டில் சமத்துவம் குறித்து ஆராய்ந்த தனி ஆணையம், 2023இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த ஆட்டத்துக்குப் பதிலாக அரசுப் பள்ளிகளின் 15 வயதுக்குட்பட்ட மாணவ மாணவியரின் தேசிய இறுதிப்போட்டிகளை லார்ட்ஸில் நடத்தப் பரிந்துரைத்தது. அதுவரை இங்கிலாந்து மகளிர் அணி அம்மைதானத்தில் ஒரு டெஸ்ட் கூட ஆடியதில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. 2025இல் அறிவிக்கப்பட்ட, அரசுப் பள்ளிகளுக்கான நைட்–ஸ்டோக்ஸ் கோப்பையை மனமார வரவேற்கிறேன். ஆனால் பழைய சலுகையைத் தொடாமல் அருகில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, அந்தப் பரிந்துரையில் பாதியை மட்டும் ஏற்பதாகும்.

இரு பள்ளிகளுக்கும் சொந்தமாக நல்ல மைதானங்கள் உள்ளன. 2027க்குப் பின் ஆண்டுக்கொன்றாக அவற்றில் மாறிமாறி ஆடிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, லார்ட்ஸில் மிஞ்சும் அந்த ஒரு நாளை அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து லார்ட்ஸைப் பார்த்துவரும் ஒரு ரசிகன்