பேனரின் அடியில் அச்சகத்தின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாள் காலையில், சுண்ணாம்பு வாளியோடும் தூரிகையோடும் உள்ளாட்சிப் பணியாளர்கள் தெருவில் இறங்குவதைத் தங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பேரூராட்சி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நான், அந்தப் பணியாளர்களோடு குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு நான்கைந்து தேர்தல்களில் நடந்தவன். அரசு அலுவலக வளாகங்களில் உள்ள கட்சி விளம்பரங்களை 24 மணி நேரத்துக்குள்ளும், பேருந்து நிலையம், மின்கம்பம் போன்ற பொது இடங்களில் உள்ளவற்றை 48 மணி நேரத்துக்குள்ளும், தனியார் இடங்களில் அனுமதியின்றி இருப்பவற்றை 72 மணி நேரத்துக்குள்ளும் அகற்றிவிட வேண்டும் என்பது தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் கெடு. அதுவரை "ஆள் இல்லை, வண்டி இல்லை" என்று புகார்தாரரைத் திருப்பி அனுப்பிய அதே அலுவலகம், தலைவர் சிலைகளைத் துணியால் மூடி, கல்வெட்டுப் பெயர்களைத் தாள் ஒட்டி மறைத்து, ஊர்ச் சுவர்களை வெள்ளையாக்கி, மூன்றே நாளில் வேலையை முடித்துவிடும். ஆள்களும் வண்டியும் புதிதாக வந்துவிடவில்லை. ஒரு தட்டியைக் கழற்றியதற்காகச் செயல் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது மட்டுமே அந்த மூன்று நாளில் மாறியிருக்கும்.

இந்த நிலை எல்லா நாளும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை என்று எனக்குத் தெரியும். ஆனால் தேர்தல் காலத்து விதிகளில் ஒன்றை மட்டும், அரசு மனம் வைத்தால், ஆண்டு முழுவதற்கும் எடுத்துக்கொள்ளலாம். அது அச்சகத்தாரைப் பற்றிய விதி.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தாம் யார் என்பதைக் கையெழுத்திட்டு உறுதிசெய்து, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த படிவத்தை அச்சகத்தில் கொடுத்த பிறகே அச்சிட முடியும். அச்சிட்ட பின் அந்தப் படிவத்தின் நகலையும் அச்சிட்டதன் பிரதியையும் அதிகாரிகளுக்கு அச்சகம் அனுப்பிவைக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மக்களவைத் தேர்தலின்போது பெரிய விளம்பரப் பலகைகளிலும் இந்த விவரம் இருக்க வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியது. தண்டனை சிறியதுதான், என்றாலும் விதி வேலை செய்கிறது. கட்சிக்காரர் எந்த வழக்குக்கும் அஞ்சமாட்டார். சில வழக்குகள் அவருக்குப் பெருமையும்கூட. கடன் வாங்கி பிளெக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டிருக்கும் கடைக்காரர் அப்படி இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்: "தேர்தல் சமயத்தில் படிவம் இல்லாமல் மெஷினை ஓட்டமாட்டேன் ஐயா. தேர்தல் முடிந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் படம் வந்தால் போதும், சதுர அடிக்கு இவ்வளவு என்று அடித்துக் கொடுத்துவிடுவேன்."

தேர்தல் இல்லாத நாள்களுக்கு விதியே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். பொது இடங்களின் தோற்றத்தைச் சிதைப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நகர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளில் டிஜிட்டல் பேனர் வைக்க முன் அனுமதி பெற வேண்டும், நில உரிமையாளரிடமும் காவல் துறையிடமும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்ற விதிகளும் இருக்கின்றன. கோவை அவிநாசி சாலையில் 2017 நவம்பரில், அரசு விழாவுக்கான அலங்கார வளைவில் மோதி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலைத் தடுப்பில் கட்டியிருந்த பேனர் சரிந்து விழுந்ததில் நிலைகுலைந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அது பிரசாரப் பேனர்கூட அல்ல, கட்சிப் பிரமுகர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்கு வைத்தது. இனி பேனர் வைக்காதீர்கள் என்று கட்சித் தலைமைகள் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டன; உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. அடுத்த மாதமே, மாமல்லபுரத்துக்கு வரும் இரு நாட்டுத் தலைவர்களை வரவேற்கப் பேனர் வைக்க அரசுத் தரப்பு அதே நீதிமன்றத்தை அணுகியது. சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அன்று சிரிப்பு வந்தது உண்மை.

என் கோரிக்கை இதுதான். எந்தக் கட்சியின், எந்தச் சங்கத்தின் பேனரானாலும், அச்சிட்ட கடையின் பெயர், அனுமதி எண், கழற்ற வேண்டிய தேதி ஆகிய மூன்றும் அதன் அடியில், நடந்து போகிறவர் படிக்கும் அளவில், இருக்கின்றனவா என்று உள்ளாட்சி அலுவலகம் பார்க்க வேண்டும். இந்த விவரம் இல்லாத பேனரைக் கழற்ற எவரையும் கேட்க வேண்டியதில்லை. எண் இருந்தும் அது பொய்யாக இருந்தால், அச்சடித்த கடைக்கு முதலில் அறிவிப்பு அனுப்பலாம். இரண்டாம் முறை தொழில் உரிமத்தில் கை வைக்கலாம். ஊரில் உள்ள பிளெக்ஸ் கடைகளை விரல்விட்டு எண்ணிவிட முடியும், ஆனால் இரவு ஒரு மணிக்குச் சவுக்குக் கம்பையும் கட்டுக்கம்பியையும் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தால் அடுத்த விழாவே வந்துவிடும்.

சுவரொட்டி ஏழைக் கட்சியின் தொலைக்காட்சி என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான பேச்சு. சுயேச்சையாக நிற்கும் ஒருவருக்குச் சந்தை வாசலில் ஒட்டும் நான்கு தாள்களைத் தவிர வேறு வழியில்லை. பெரிய கட்சிக்கு அது நூறு வழிகளில் ஒன்று. எனவே ஒட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் உள்ளாட்சியே பலகைகள் அமைத்து, கேட்பவர் அனைவருக்கும் ஒரே அளவு இடத்தைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினால், சிறியவர்களுக்கு இன்றைக்கு இருப்பதைவிட அதிக இடமே கிடைக்கும். இப்போது நல்ல சுவர் எல்லாம் முந்திக்கொண்டவருக்குத்தான். தேர்தலுக்கு வெகு முன்பே சின்னத்தை வரைந்து, வேட்பாளர் பெயருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேட்பாளரின் செலவுக் கணக்கு வேட்புமனு நாளிலிருந்துதான் தொடங்குகிறது. சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் அந்தச் சுவர்கள் வருவதில்லை. வீட்டுக்காரரிடம் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டும் என்கிற விதியும் அப்போது யார் நினைவிலும் இருப்பதில்லை. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பொது இடக் கொடிக்கம்பங்கள் குறித்து 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவு தனி விவகாரம் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

மேற்கண்ட கோரிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் அளித்திருக்கிறேன். அச்சகங்களைப் பொறுப்பாக்கும் நடைமுறையைத் தங்கள் ஊர் நகராட்சியோ மாநகராட்சியோ முன்பே செயல்படுத்தியிருந்தால், அங்குள்ள வாசகர்கள் இந்தப் பகுதியில் எழுத வேண்டுகிறேன். அந்த விவரத்தை அடுத்த மனுவோடு இணைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேரூராட்சி எழுத்தர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.