ஓய்ந்த முன்கள வீரர்களை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டுப் பக்கத்தில் இன்றைய நட்சத்திரங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், சரி, யூப் ஹெய்ன்கெஸ் மாதிரி ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்களேன். ஜேர்மனியின் முதல்தர உதைபந்தாட்டத் தொடரான பண்டஸ்லிகாவில் 220 கோல் அடித்தவர், 1974 உலகக்கிண்ணம் வென்ற அணியிலும் இருந்தவர். 1978இல் ஆட்டத்தை விட்டதும் நேரே தலைமைப் பதவியில் உட்காரவில்லை, தன் பழைய கழகமான மொன்சென்கிளாட்பாக்கிலேயே உதவிப் பயிற்சியாளராக இருந்து தொழிலைப் பழகி அடுத்த வருடம்தான் பொறுப்பேற்றார்.

1998இல் பயிற்சியாளராக ரியல் மட்ரிட்டுக்கு 32 வருடங்களுக்குப் பிறகு ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தும் அவரை அனுப்பிவிட்டார்கள். பெரிய அநியாயம் அது! 2012இல் அவர் பயிற்றுவித்த பயர்ன் மியூனிக் அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் சொந்த மைதானத்தில் செல்சியிடம் பெனால்டியில் தோற்றது, மறு வருடம் அதே மனிதர் ஜேர்மன் லீக், ஜேர்மன் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் மூன்றையும் வென்று காட்டினார், அதுவும் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் பார்சிலோனாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 7-0 என்று அடித்து.

திருகோணமலையிலும் ஒரு காலத்தில் கோல் அடித்துத் தள்ளியவர்கள் இருக்கிறார்கள். பின்னேரங்களில் ஏகாம்பரம் மைதானத்தில் கோட்டுக்கு வெளியே நின்று, "பந்தையே பாக்காத, ஆளைப் பார்" என்று பொடியன்களுக்குக் கத்துவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. இவர்களுக்குப் பயிற்சியாளர் பாடநெறியை இங்கேயே நடத்தச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும், வேலையை விட்டுவிட்டு எத்தனை பேரால் கொழும்புக்குப் போய் நிற்க முடியும்?

வாசகர்,
திருகோணமலை