ஸ்டூடியோவுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

அடுத்த வாரம் ரெக்கார்டிங் என்று எழுதியிருந்தாய். ஒரு பாட்டுக்கு எத்தனை ட்ராக் (தனித்தனியாகப் பதியும் ஒலி அடுக்கு) வேண்டுமானாலும் போடலாம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாயே, எனக்குக் கவலையே அதுதான். போவதற்கு முன்னால் அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தை நடுவில் எதையும் தாண்டாமல் முழுசாகக் கேள். மொத்தமே 33 நிமிடம்தான்.

1975 ஜனவரியில், டெக்சாஸில் கார்லண்ட் என்ற ஊரில் இருந்த ஆட்டம் சவுண்ட் ஸ்டூடியோவில் சில நாட்களிலேயே முடித்த வேலை அது. செலவு சுமார் 4,000 டாலர். கொலராடோவிலிருந்து காரில் டெக்சாஸ் திரும்பும் வழியிலேயே கதையையும் பாட்டுகளையும் மனிதர் கோத்துவிட்டார். மனைவியைக் கொன்றுவிட்டு அலைகிற ஒரு போதகரின் கதை. பழைய பாட்டு, சொந்தப் பாட்டு இரண்டும் கலந்து வரும். ஒரே மெட்டு அங்கங்கே திரும்ப வந்து எல்லாவற்றையும் இழுத்துக் கட்டும். நீயும் பாட்டு வரிசை, சுருதி, யார் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போ. வாடகை ஓடும்போது யோசிக்க உட்காராதே.

கிட்டாரைக் கவனி. மார்ட்டின் என்-20, நைலான் தந்தி. பிக்கப் என்பது தந்தியின் ஒலியை மின்சாரமாக மாற்றுகிற கருவி. உலோகத் தந்திக்கான சாதாரண காந்தப் பிக்கப்புக்கு நைலான் அசைவது தெரியாது. அதனால் பிரிட்ஜுக்கு அடியில் அதிர்வை எடுக்கிற பால்ட்வின் பிக்கப்பைப் பொருத்தி, ஆம்ப் வழியே வாசித்தார். மழுங்கலாக இருக்க வேண்டிய நைலானில் அந்தக் கூர்மை எப்படி வந்தது என்றால், இப்படித்தான்.

உன்னுடையதும் நைலான்தான். பாடிக்கொண்டே வாசித்தால் கிட்டார் மைக்கில் குரல் ஏறும். அப்புறம் குரலில் ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது, பழைய வரி கிட்டார் ட்ராக்கில் பேய் மாதிரி கேட்கும். இரண்டுக்குமே எட்டு வடிவ மைக் கேள், முன்னாலும் பின்னாலும் மட்டும் ஒலியை வாங்குகிற மைக் அது. அதன் பக்கவாட்டில் ஒலி அவ்வளவாக ஏறாது. கிட்டார் மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே ஓர் அடி தள்ளி வை, அதன் பக்கவாட்டு உன் வாயைப் பார்க்கட்டும். குரல் மைக்கின் பக்கவாட்டு கிட்டாரைப் பார்க்கட்டும். பிக்கப்பைத் தனி ட்ராக்கில் எடு. அப்படியும் கொஞ்சம் கசியும். கசிந்தால் ஒரு வரிக்காக மல்லுக்கட்டாமல் முழுப் பாட்டையும் திரும்ப எடு.

நெல்சன் தாளத்துக்குப் பின்னால் தங்கித் தங்கிப் பாடுவார். பால் இங்கிலிஷின் டிரம்ஸும் பீ ஸ்பியர்ஸின் பேஸும் அவருக்காகக் காத்திருக்காது. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்: பாடுபவர் தாமதித்ததும் டிரம்மர் இரக்கப்பட்டுக் காத்திருப்பார், நிமிடத்துக்கு 84 தட்டில் தொடங்கிய பாட்டு 79-இல் வந்து நிற்கும். டிரம்மரின் ஹெட்ஃபோனில் உன் குரலைக் குறைத்து, பேஸை ஏற்றச் சொல். ஒவ்வொரு டேக்கிலும் முதல் எட்டு பாரையும் (தாளச் சுற்று) கடைசி எட்டு பாரையும் மெட்ரோனோமோடு ஒப்பிட்டுப் பார்.

பியானோவில் நெல்சனின் அக்கா பாபி, ஹார்மோனிகாவில் மிக்கி ராஃபேல். இருவரும் குரல் ஓய்கிற இடத்தில்தான் பெரும்பாலும் வருகிறார்கள். பின்னணியில் வயலின் கூட்டமோ கோரஸோ கிடையாது. ஆல்பத்தை வெளியிடவிருந்த கொலம்பியா கம்பெனிக்காரர்கள் இதைக் கேட்டு, டெமோ (மாதிரிப் பதிவு) மாதிரி இருக்கிறதே என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு முழுக்க நெல்சன் கையில் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்படியே மே மாதம் வெளிவந்தது. கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்து, பின்னாளில் டபுள் பிளாட்டினம் ஆனது. பாடகராக கன்ட்ரி பட்டியலில் அவருடைய முதல் நம்பர் ஒன் பாட்டும் அதில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் யாராவது வயலினைக் கொட்டியிருப்பார்கள். உன் ஒப்பந்தத்தில் கடைசி மிக்ஸ் (ட்ராக்குகளைச் சேர்த்து முடிக்கிற வேலை) யார் கையில் என்று எழுதியிருக்கிறதா, பார்த்துச் சொல்.

முதல் நாள் எடுத்ததை ஈக்வலைசர், ரிவெர்ப் எதுவும் போடாமல் அன்று ராத்திரியே அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா