தம்பி கூட்டத்துக்குப் போகிறான்

தங்கச்சிமடம்

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. உன் மகளின் ப்ளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்டுத் தெருவே மகிழ்ந்தது. கணக்கில் அவள் நம் நீலக்குடை டீச்சரையே மிஞ்சிவிடுவாள். அந்த மூளை உன்னிடமிருந்து போயிருக்க வழியில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். தம்பி குடியை நிறுத்தியிருக்கிறான்.

சிரிக்காதே. மாதா கோயிலில் சத்தியம் செய்துவிட்டு மறுவாரமே விழுந்தவன்தான். இந்த முறை யாரும் அவனிடம் சத்தியம் வாங்கவில்லை. கூட்டத்துக்குப் போகிறான். ஏ.ஏ. என்பார்கள், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு.

மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கியது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கட்டிக் கிடக்கும் அல்லவா? படகுக்காரர் சம்மாட்டியும் முன்பணம் தர மறுத்ததால் குடி தானாக நின்றது. எங்களுக்கெல்லாம் நிம்மதி. இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத ஆட்களோடு பேசி, வலிப்பே வந்துவிட்டது. நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இதை உன் அண்ணனுக்காகவே எழுதுகிறேன். வீட்டில் பூட்டிவைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொட்டலத்தையும் யாரிடமும் வாங்காதே. அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ஆளையே சாய்த்துவிடும்.

உடம்பு தேறியதும், இனிமேல்தான் கஷ்டம், கூட்டம் ஒன்றைத் தேடுங்கள் என்றார் மருத்துவர். தேடுவது லேசாக இல்லை. ஒரு எண் அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு முகவரியில் பூட்டுத் தொங்கியது. அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 இருக்கிறது, கட்டணம் இல்லை, குறித்துக்கொள். எங்களுக்குக் கடைசியில் வழிகாட்டியது மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் மனைவி. ராமநாதபுரத்தில் ஞாயிறு மாலை கூடுகிறார்கள் என்றாள்.

தம்பியோ வர மறுத்தான். யாராவது பார்த்துவிடுவார்களாம்! பஸ் நிறுத்தத்தில் வேட்டி அவிழ்ந்து கிடந்ததை ஊரே பார்த்தது. நிறுத்தப் போவதை மட்டும் ஒருவர் கண்ணும் பார்க்கக்கூடாதாம். எனக்கு வந்த கோபத்தை நீ அறிவாய். ஆனால் அங்கே யாரும் முழுப் பெயரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. கேட்டதை வெளியே சொல்வதும் இல்லை. அதைச் சொல்லித்தான் அழைத்துப் போனேன். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டுமானவை. திறந்த கூட்டம் என்றால் வீட்டாரும் உட்காரலாம்.

ஒரு சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். உப்பளத்தில் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவர் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் டம்ளர் நிறைய ஊற்றியவர் தம்பிக்கு மட்டும் பாதி ஊற்றினார். அவன் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் குடித்து முடித்ததும் மறுபாதியை ஊற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் நகர்ந்தார். எத்தனை வருடம் அவரும் அப்படித் தேநீரைச் சிந்தியிருப்பார்!

யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, ஸ்டெல்லா. ஒவ்வொருவராக எழுந்து, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கித் தன் கதையை மட்டும் சொன்னார்கள். மகளின் கொலுசை அடகு வைத்ததை ஒருவர் சொன்னபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் மாறி மாறித் திட்டியபோதெல்லாம் அந்தத் தலை ஒரு நாளும் குனிந்ததில்லை. இதெல்லாம் 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இருவருமே குடியில் மூழ்கியவர்கள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியதாம். சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். ஒரு பை சுற்றி வருகிறது, முடிந்தவர் போடுகிறார்.

என் கவலை ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரைக்கு வரும். பங்குக் காசு கைக்கு வரும். பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும். கூட்டமோ மாலையில். நடுவில் உள்ள அந்த நேரம் எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாக மூச்சு விடுவதில்லை. உப்பளத்துப் பெரியவர்தான் இப்போது அவனுக்கு ஸ்பான்சர், அதாவது முன்பே குடியை விட்டுவிட்டு இவனுக்குத் துணை நிற்பவர். சரியாகப் பன்னிரண்டுக்கு அவர் போன் வந்துவிடும். மீன் விலை பேசுவார்கள், காற்று எப்படி என்று பேசுவார்கள். குடியைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். பிறகு தம்பி காசைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவான். கடலில் கழியும் இரவுகளை நினைத்தால் இன்னும் பயம்தான். படகில் மற்றவர்கள் பாட்டிலைத் திறக்கத்தானே செய்கிறார்கள்? இன்று மட்டும் குடிக்கமாட்டேன் என்கிறான், நாளையைப் பற்றிக் கேட்டால் பதில் கிடையாது.

அண்ணியிடம் ஒன்று சொல். குடிப்பவரின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனியாக ஒன்று 1951 முதல் இருக்கிறது. அண்ணன் திருந்தும்வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் கூட்டம் இல்லாவிட்டால் போனிலேயே கலந்துகொள்ளும் கூட்டங்களும் உண்டு.

வரும் ஞாயிறு திறந்த கூட்டம். நாலு மணிக்கு ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நிற்போம். அண்ணனோடு தம்பியே பேசுகிறேன் என்கிறான், எண்ணை அனுப்பு. அவர் வராவிட்டால் அண்ணியை அழைத்துக்கொண்டு நீ வா. கருவாடு கேட்டிருந்தாய், எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரெஜினா