காண்டாமிருகத்தோடு அழியக்கூடிய ஈ

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்களின் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அவ்விலங்கை மட்டுமே நம்பி வாழும் ஓர் ஈயையும் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரியதான அந்த ஈ, கொம்பின் அடியிலும் தலையிலும் உள்ள தோலில் முட்டையிடுகிறது. பொரிந்த புழுக்கள் உள்ளே சென்று, கொக்கி போன்ற வாயுறுப்பால் இரைப்பைச் சுவரைப் பற்றிக்கொண்டு வளர்ந்து, முற்றியபின் சாணத்தோடு வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகின்றன. வளர்ந்த ஈக்கு இரை உண்ணும் வாய் கிடையாது; வாழும் சில நாள்களுக்குள் அது இணைசேர்ந்து முட்டையிட்டாக வேண்டும்.

சுமத்ரா காண்டாமிருகத்தின் வயிற்றில் வாழ்ந்த இதன் உறவினத்தை 19ஆம் நூற்றாண்டில் புழுவாக மட்டுமே அறிந்தார்கள். அதன் ஈப் பருவத்தை அறிவியல் இன்றுவரை கண்டதில்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமும் 2019 நவம்பரில் இறந்துவிட்டது. அந்த இழப்பு என்னை மிகவும் வருத்துகிறது.

நலமாக உள்ள காண்டாமிருகத்துக்கு இப்புழுக்களால் பெருங்கேடு விளைவதாகத் தெரியவில்லை. எனவே, காண்டாமிருகங்களை இடம் மாற்றும்போது ஒட்டுண்ணி மருந்தைத் தேவையின்றிக் கொடுக்காமலிருப்பதும், அத்திட்டங்களில் கால்நடை மருத்துவரோடு பூச்சியியலாளரையும் சேர்த்துக்கொள்வதும் அவசியம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

– ஒரு வாசகர், திருச்சி