நாலு ஸ்டூல் வந்த கதை

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஆடித் தள்ளுபடி முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முட்டி வலி எப்படி இருக்கிறது? பேரனுக்குப் பல் முளைத்ததா?

பேப்பரைப் பிரித்தாலே பொம்பளைங்களுக்கு நடக்கிற அக்கிரமம்தான், ராசிபலனை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான். ஆனால் கடைசியில் 'எதுவும் மாறாது மல்லிகா' என்று ஒரு வரி போட்டாய் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் நின்றே வேலை பார்த்த நம்ம ஜவுளிக்கடைக்கு, உட்கார ஸ்டூல் வந்துவிட்டது.

சிரிக்காதே. நீ வேலையை விட்டதே காலால்தானே. கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டு, சேலையைத் தூக்கிக் காட்டி நீ அழுத அன்றைக்கு நாம் ரெண்டு பேரும் சாப்பிடவே இல்லை. காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். ஈ, காக்கை வராத மத்தியான நேரத்தில்கூடச் சுவரில் சாயக் கூடாது. டிரையல் ரூமில் குண்டூசி பொறுக்குகிற சாக்கில் ஆளுக்கு ஒரு நிமிஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டு வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? கேமரா வைத்த பிறகு ஹாலில் நிற்கிற விதமே மாறிப்போனது.

2021 செப்டம்பரிலேயே சட்டசபையில் இதற்குச் சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். 1947-ல் போட்ட கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவு. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், ஆணோ பெண்ணோ. மூன்றாவது மாடியில் நிற்கிற நமக்கு இதையெல்லாம் யார் சொல்வது? எனக்குச் சொன்னது எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் சேச்சி. கோழிக்கோட்டுக்காரர்.

அவர் ஊரில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு, நம்ம லாங் பஜார் மாதிரி. அங்கே விஜி என்று ஒரு தையல்காரப் பெண்மணி. முதலில் அவர் கையில் எடுத்தது உட்காருவதைக்கூட இல்லை, கக்கூஸை. கடையில் வேலை செய்கிற பெண்களுக்குப் போக இடமில்லை, அதனால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்களாம். இதைக் கேட்டதும் உனக்கு அடிக்கடி வந்த நீர்க்கடுப்புதான் நினைவுக்கு வந்தது. அது வெயிலால் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்கள் ஒன்று சேர்ந்து சங்கமாகி, பல வருஷம் விடாமல் கேட்டு, 2018-ல் கேரளாவில் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அதற்கு அடுத்து நம்ம தமிழ்நாடு.

சட்டம் வந்ததும் ஸ்டூல் வந்துவிட்டது என்று நினைக்காதே. போன வருஷம்தான் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, பதினோரு பேருக்கு. வந்த அன்றைக்கே அதன் மேல் நைட்டி பண்டல்களை அடுக்கிவிட்டார்கள். அதிகாரி யாராவது வந்தால் காட்டுவதற்காம். நாங்களும் தினம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இந்த நேரத்தில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வயது இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால்தான் வீட்டில் அனுப்பினார்களாம், இல்லையென்றால் சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கே போய்விடும். சேர்ந்த மூன்றாம் நாள் மத்தியானம், பண்டலைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஜாக்கெட் பிட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். கஸ்டமர் யாரும் இல்ல, அதான்."

அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்புறம் எதையோ மறந்துவிட்ட மாதிரி கீழே இறங்கிப் போய்விட்டார். அவளுக்குச் சட்டம் கிட்டம் எதுவும் தெரியாது. கேட்டதற்கு, 'உட்காரத்தானேக்கா ஸ்டூல்' என்கிறாள். எனக்குச் சட்டமே தெரியும், நான் நின்றுகொண்டிருந்தேன்! மறுநாள்தான் உட்கார்ந்தேன். திருட்டுத்தனம் செய்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. யார் காலடிச் சத்தம் கேட்டாலும் தானாகவே எழுந்துவிடுவேன். இந்தப் பழக்கம் போக ஒரு மாசம் ஆனது.

உட்கார்ந்தால் வேலை கெடும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களே, அதைச் சேச்சியிடம் சொன்னேன். அதற்கு அவர் டாக்டர் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னார். நம்ம ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இருந்தவர், அவரும் மலையாளிதான். 1954-ல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தாராம். 1966-ல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு மையம் அவருடைய உழைப்புதான். பனைமரத்திலிருந்து விழுந்த எங்கள் பெரியப்பா மகன் ஆறு வாரம் அங்கேதான் இருந்தான். சக்கர நாற்காலியில் ஏறி இறங்கப் பழகினதும் அங்கேதான். சாப்பாடு எடுத்துக்கொண்டு எத்தனை தடவை போயிருப்பேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது பார். உட்கார்ந்து அறுவை சிகிச்சையே செய்யலாமாம், நைட்டி மட்டும் விற்கக் கூடாதாம்!

ரொம்பப் பெருமை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஸ்டூல் இருக்கிற இடமே தெரியாது. சம்பளம் அதேதான். கக்கூஸ் இன்னமும் இரண்டு மாடிக்கு ஒன்று. அதைப் பற்றி இந்தத் தீபாவளி போனஸ் பேசும்போது சேர்த்துக் கேட்கலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் பேசிவைத்திருக்கிறோம். முதல் ஆளாக நான் வாய் திறக்க வேண்டும் என்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

உன் மருமகள் திருப்பூரில் செல்போன் கடைக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தாயே, அங்கே ஸ்டூல் இருக்கிறதா, அதன் மேல் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுது. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வந்திருக்கிறது, தம்பி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மல்லிகா