கறுத்த விரல்கள்: டீச்சராகியிருக்கும் என் தம்பி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். "காடாம்புலியூர் பக்கம் இவ்வளவு வசதியா இருக்கும்னு நினைக்கல அத்தை, குடிசையே கண்ணுல படல, எல்லாம் தளம் போட்ட வீடு." அடுத்த மூச்சிலேயே, "ஆனா பிள்ளைங்க கையைப் பார்க்க முடியல. ஒரே கறுப்பு. எத்தனை தடவை சொன்னாலும் கழுவிட்டு வர மாட்டேங்குதுங்க" என்றாய். இரண்டையும் நீ கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் வேறு கதை இருக்கிறது. சென்னையில் வளர்ந்த உனக்கு அது தெரிய வழியில்லை. அதே பண்ருட்டி பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான், எனக்குத் தெரியும். உன்னைப் போலப் புதிதாக வந்திருக்கும் மற்ற டீச்சர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் கை. அது அழுக்கே இல்லை, முந்திரி எண்ணெய். ஒரு முந்திரிக்கொட்டையை வாங்கி, கையில் படாமல் குறுக்கே வெட்டிப் பார். ஓடு இரண்டு அடுக்காக இருக்கும். நடுவில் தேனடை மாதிரி சின்னச் சின்ன அறைகள். அதற்குள்தான் அந்த எண்ணெய் நிற்கிறது. தோலில் பட்டால் எரியும், கொப்பளிக்கும், பிறகு கறுத்துவிடும். எந்த சோப்பும் அதை எடுக்காது. அந்தத் தோல் உரிந்து புதுத் தோல் வந்தால்தான் உண்டு. அதற்குள் உடைக்க அடுத்த மூட்டைக் கொட்டை வந்துவிடும். கொட்டை உடைக்க உட்காரும் பெண்கள் முதலில் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வார்கள். அப்படியும் நகக்கண்ணில் இறங்கிவிடும். இதே எண்ணெயைப் பிழிந்துதான் பெயிண்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் அனுப்புகிறார்கள். அவ்வளவு வீரியம்.

கடையில் நாம் வாங்கும் முழுப் பருப்பு பாக்கெட்டில் டபிள்யூ 320 என்று போட்டிருக்கும். ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 320 பருப்பு என்று கணக்கு. அத்தனையும் முழுசாக இருக்க வேண்டும். உடைந்தால் விலை இறங்கும். ஓட்டை உடைக்க வேண்டும், உள்ளே பருப்பு உடையக் கூடாது. இந்தப் பக்குவம் கையுறை போட்டால் வராது என்று பல பெண்கள் வெறுங்கையோடுதான் வேலை செய்கிறார்கள். கூலி கிலோ கணக்கு என்றால் வேகமும் வேண்டும். அம்மா வீட்டில் மூட்டையோடு உட்கார்ந்தால் பக்கத்தில் பிள்ளையும் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து வருவதுதான் உன் வகுப்பில் தெரியும் அந்தக் கறுப்பு.

இது சரி என்று நான் சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பட்டியலிலேயே முந்திரி உடைப்பது இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது. ஆனால் "போய்க் கழுவிட்டு வா" என்று எல்லார் முன்னாலும் குழாயடிக்கு அனுப்பினால், போகாத கறையைத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பிள்ளை அவமானப்படுவதுதான் மிச்சம். நாளையிலிருந்து கையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வரும். அப்புறம் உனக்கு எதுவும் தெரியவராது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 விடிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன. அதுவரை மரங்கள் மறைத்திருந்த அடுத்த ஊர், காலையில் எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்து என் மாமியார் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அரசாங்கம் புயலடித்த ஊர்களில் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தது. நல்ல காரியம், பல குடும்பத்துக்குத் தலைக்கு மேல் கூரை அதில் வந்ததுதான். ஆனால் தளம் போட்ட வீடு என்றால் கையில் காசு இருக்கிறது என்று இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் தளம் பல இடங்களில் மரம் போனதற்கு அடையாளம்.

பஸ்ஸில் போகும்போது வீட்டை விட்டுவிட்டுத் தோப்பைப் பார். பழைய தோப்பில் மரங்கள் தாறுமாறாகப் படர்ந்து, கிளை மண்ணைத் தொடும். புயலுக்குப் பிறகு வைத்த தோப்பில் எல்லாம் ஒரே உயரம், வரிசை பிடித்த மாதிரி நேராக நிற்கும். ஒட்டுக்கன்று வைத்தாலும் மூன்றாம் வருஷம்தான் காய் பார்க்கலாம், நிறைந்து காய்க்க ஏழெட்டு வருஷம். இடைப்பட்ட காலத்துக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தோப்பே இல்லாத கூலிக்காரர்கள் பாடு இன்னும் மோசம்.

அதனால் ஒன்று செய். ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளில் ஒருத்தர் வீட்டுக்குப் போ. டீச்சராக விசாரிக்கப் போகாதே, சும்மா போய் உட்கார். கிலோவுக்கு என்ன கூலி என்று அவள் அம்மாவிடம் கேள். பிள்ளை எத்தனை மணி வரை உட்காருகிறாள் என்பது பேச்சோடு பேச்சாகத் தானே வரும். பிள்ளை வேலைக்கு உட்காராவிட்டால் வீட்டுக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஹெட்மாஸ்டரிடம் பேசு. பருப்புக் கொடுத்தால் வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லாதே. கொட்டையைத் தொடுவதாக இருந்தால் மட்டும் முதலில் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்.

அன்புடன்,
அத்தை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்